இரண்டும் ஒன்றுதானா?

2019 டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஒன்பதரை மணி அளவில், திண்டுக்கல் வட்டாரத்தில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகத் தெரிந்தது. வளையம் நீடித்தது ஏறக்குறைய 3 நிமிடம். உங்களில் சிலர் தக்க கண்ணாடி அணிந்து அதைப் பார்த்திருப்பீர்கள். அன்று ஒரு திடலில் பள்ளி மாணவர்கள் சிலரோடு நானும் நின்றிருந்தேன். கேமராவில் சூரிய வடிகட்டியைப் பொருத்தி, கிரகணம் தொடங்கியது முதல் 212 படங்கள் எடுத்தோம். வளையம் கலைந்த பிறகு எடுத்தவை மிகக் குறைவு. கிரகண நேரத்தில் இட்லி சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்ற உற்சாகத்தில் எல்லோரும் பந்திக்குப் போய்விட்டோம்!

பிறகு கேமராவின் மெமரி கார்டில் இருந்த படங்களை என் மடிக்கணிப்பொறி வழியாக ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுத்தேன். அங்கேயும் 212, இங்கேயும் 212. மொத்த அளவும் ஒன்றே. இரண்டு படங்களைத் திறந்தும் பார்த்தேன். நன்றாகவே இருந்தன. பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டேன். மறுநாள் வேறொரு நிகழ்ச்சிக்கு கார்டு தேவைப்பட்டது. அதிலிருந்த படங்களை அழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பென் டிரைவில் 212 பெயர்கள் இருந்தன. அவற்றில் கடைசி 37 படங்கள் திறக்கவில்லை. வளையம் முழுவதும் அந்த 37-க்குள்தான் இருந்தது.

என்ன நடந்தது என்று பின்னால் பார்ப்போம். முதலில் ஒரு கேள்வி. 'இரண்டு கோப்புறைகளும் ஒன்றே' என்று நான் முடிவு செய்தேன் அல்லவா? எதை வைத்து அப்படி முடிவு செய்தேன்?

உங்கள் பள்ளி நூலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நூலகர் பதிவேட்டில் பெயரைப் படிப்பார். உதவியாளர் அலமாரியில் புத்தகத்தைத் தேடி "இருக்கிறது" என்பார். பெயர் ஒத்துப்போனால் ஒரு குறி. இந்த முறையில் காணாமல் போன புத்தகம் அகப்பட்டுவிடும். ஆனால் நடுவில் 20 பக்கம் கிழிக்கப்பட்ட புத்தகம் அகப்படுமா? அகப்படாது. அட்டை இருக்கிறதே! புத்தகத்தின் தடிமனை அளந்தால் கிழிந்த பக்கங்கள் தெரியவரும். கிழித்தவர் அதே கனத்துக்கு வெள்ளைத் தாள்களைச் செருகி வைத்திருந்தால், தடிமனும் ஏமாற்றிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினால்தான் உண்மை தெரியும்.

கணிப்பொறியிலும் இதே நிலைதான். 'ஃபோல்டர்' என்று நாம் அன்றாடம் சொல்லும் கோப்புறை ஓர் அலமாரி என்றால், அதிலுள்ள கோப்புகள் புத்தகங்கள். பெயர் ஒத்திருப்பது ஒரு வகை ஒற்றுமை. அளவு ஒத்திருப்பது இன்னொரு வகை. கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் நேரமும் ஒத்திருப்பது மூன்றாம் வகை. உள்ளிருக்கும் பைட்டுகள் முதலிலிருந்து கடைசி வரை ஒத்திருப்பது முற்றிலும் வேறு. நான் பார்த்தது எண்ணிக்கையையும் அளவையும் மட்டுமே. வெள்ளைத் தாள் செருகிய புத்தகத்தைத் தடிமன் பார்த்து ஏற்றுக்கொண்ட கதை!

இரண்டு விரல்கள்

இரு கோப்புறைகளை ஒப்பிட்டுச் சொல்வதற்கென்றே நிரல்கள் உள்ளன. அவை எப்படி வேலை செய்கின்றன?

முதல் வேலை பெயர்களை ஒப்பிடுவது. இடப்பக்கத்தில் 212 பெயர்கள், வலப்பக்கத்தில் 212 பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்தின் ஒவ்வொரு பெயருக்கும் வலப்பக்கப் பட்டியல் முழுவதையும் தேடினால் 212 × 212, அதாவது 44,944 தடவை பார்க்க நேரலாம். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. இரு பட்டியல்களையும் அகர வரிசையில் அடுக்கிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் ஒரு விரலை வைக்க வேண்டும்.

இடப்பக்கம்: அமுதா, கண்ணன், செல்வி, முருகன். வலப்பக்கம்: அமுதா, செல்வி, தங்கம், முருகன். இரு விரல்களும் அமுதாவில் நிற்கின்றன. ஒன்றே. இரண்டையும் ஒரு படி இறக்குங்கள். இப்போது இடது விரல் கண்ணனில், வலது விரல் செல்வியில். அகர வரிசையில் கண்ணன் முந்தியவன். வலது விரல் அவன் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டது. எனவே கண்ணன் வலப்பக்கத்தில் இல்லவே இல்லை. 'இடப்பக்கம் மட்டும்' என்று குறித்துக்கொண்டு இடது விரலை மட்டும் இறக்குங்கள். இரண்டும் செல்வி. அடுத்து, முருகனுக்கு எதிரே தங்கம். தங்கம் முந்தியவள். ஆகவே 'வலப்பக்கம் மட்டும்'. வலது விரலை இறக்கினால் இரண்டும் முருகன். முடிந்தது.

இந்த முறையில் விரல்கள் ஒருபோதும் பின்னோக்கிப் போவதில்லை. 212 பெயர்கள் கொண்ட இரு பட்டியல்களுக்கு அதிகம் போனால் 424 அசைவுகள் போதும். கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை இருந்தால், நிரல் அதனுள் நுழைந்து இதே வேலையை முதலிலிருந்து செய்யும்.

இப்படிப் பெயர்கள் மூன்று கூட்டமாகப் பிரிகின்றன: இடப்பக்கம் மட்டும் உள்ளவை, வலப்பக்கம் மட்டும் உள்ளவை, இரண்டிலும் உள்ளவை. இனிக் கவலை மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான்.

அங்கே முதலில் அளவைப் பார்ப்பது இலாபம். அளவு வேறுபட்டால் உள்ளடக்கமும் வேறுபட்டே தீரும். கோப்பைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. அளவு ஒத்திருந்தால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. இரு கோப்புகளையும் திறந்து பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி 'வேறு' என்று சொல்லிவிடலாம். 'ஒன்றே' என்று சொல்வதற்கு மட்டும் கடைசி பைட் வரை போக வேண்டும். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது மலிவு. ஒற்றுமையை உறுதி செய்வதுதான் செலவு. நொடிக்கு 30 மெகாபைட் படித்துத் தரும் பென் டிரைவில் 18 ஜிகாபைட் படங்கள் இருந்தால், 18,000-ஐ 30-ஆல் வகுத்துப் பாருங்கள். 600 நொடி, அதாவது 10 நிமிடம் ஆகிறது. இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள்தாம் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிஃப்

யூனிக்ஸ் என்ற இயக்க முறைமை அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1974-இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பில் 'டிஃப்' என்ற சிறு நிரல் இடம்பெற்றது. அதை உருவாக்கியவர் டக்ளஸ் மெக்கில்ராய். அதன் அடிப்படையை விளக்கி அவரும் ஜேம்ஸ் ஹண்ட் என்பவரும் 1976-இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். கோப்புறைகளை முழுவதுமாக ஒப்பிடும் திறன் டிஃப்புக்குப் பின்னாளில் சேர்ந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் இன்றும் அதன் வழித்தோன்றல் இருக்கிறது.

கட்டளைத் திரையில் டிஃப் என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு. அதை ஒட்டி ஆர், கியூ என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள். பிறகு இரு கோப்புறைகளின் பெயர்கள். அவ்வளவே! 'ஆர்' என்றால் உட்கோப்புறைகளுக்குள்ளும் புகுந்து பார் என்று பொருள். 'கியூ' என்றால் வேறுபாடு உண்டா இல்லையா என்று மட்டும் சுருக்கமாகச் சொல் என்று பொருள். விடையாக 'இதில் மட்டும் உள்ளது' என்றோ, 'இந்த இரண்டும் வேறுபடுகின்றன' என்றோ வரிகள் வரும். ஒத்திருப்பவற்றைப் பற்றி டிஃப் வாயே திறக்காது. எல்லாம் ஒன்றாக இருந்தால் திரையில் ஒன்றுமே வராது. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த மௌனத்தைக் கண்டு நிரல் வேலை செய்யவில்லையோ என்று பயப்படுவதுண்டு. கூடவே 'எஸ்' என்ற எழுத்தையும் சேர்த்தால், ஒத்திருப்பவற்றையும் அது வரிசையாகச் சொல்லும்.

கட்டளை தட்ட விரும்பாதவர்களுக்கு விண்டோஸில் 'வின்மெர்ஜ்', லினக்ஸில் 'மெல்ட்' போன்ற இலவச நிரல்கள் உள்ளன. அவை இரு கோப்புறைகளையும் வண்ணத்தில் வேறுபடுத்திக் காட்டும். எதை வைத்து ஒப்பிடுவது, உள்ளடக்கத்தையா, தேதியையா, அளவையா என்பதை வின்மெர்ஜில் நாமே தேர்ந்தெடுக்கலாம். எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் 'ஒன்றே' என்ற விடையை நம்பாதீர்கள்.

எழுத்துக் கோப்புகளில் 'வேறு' என்ற ஒற்றைச் சொல் போதாது. எங்கே வேறு என்றும் தெரிய வேண்டும். 100 வரிக் கட்டுரை ஒன்றின் தலையில் ஒரு வரியை மட்டும் புதிதாகச் சேர்க்கிறீர்கள். முதல் வரிக்கு எதிரே முதல் வரி, இரண்டாவதற்கு எதிரே இரண்டாவது என்று ஒப்பிட்டால், எல்லாம் ஒரு படி இறங்கிவிட்டதால் 100 வரியும் வேறு என்றே தோன்றும். டிஃப் அப்படிச் செய்வதில்லை. இரு கோப்புகளிலும் வரிசை மாறாமல் வரும் பொது வரிகளில் மிக நீண்ட தொடரை அது தேடுகிறது. ஒன்றில் அ, ஆ, இ, ஈ, உ என்ற வரிகளும், மற்றதில் ஆ, இ, எ, ஈ, உ என்ற வரிகளும் இருக்கட்டும். நீண்ட பொதுத் தொடர் எது? ஆ, இ, ஈ, உ. அதை ஒதுக்கிவிட்டால் 'அ' நீங்கியது, 'எ' சேர்ந்தது என்ற இரண்டு செய்திகளே மிஞ்சும்.

தொலைவில் இருந்தால்?

ஒரு கோப்புறை சென்னையிலும் மற்றது உங்கள் ஊரிலும் இருந்தால் என்ன செய்வது? ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் இணையம் வழியே வரவழைப்பதைவிட, மறுபடி நகல் எடுப்பதே மேல். இங்கேதான் கோப்பின் 'கைரேகை' உதவுகிறது.

ஒரு சிறு கணக்கு. ஒரு கோப்பில் 4, 7, 2, 5 என்ற எண்கள் மட்டும் உள்ளன. கூட்டினால் 18. சென்னை நண்பர் தம் கோப்பைக் கூட்டி 18 என்று தொலைபேசியில் சொன்னால் போதுமா? அவரிடம் 7, 4, 2, 5 இருந்தாலும் 18-தானே வரும்? சரி, முதல் எண்ணை 1-ஆலும், இரண்டாவதை 2-ஆலும், இப்படியே இடத்தால் பெருக்கிக் கூட்டுவோம். உங்களுக்கு 4 + 14 + 6 + 20 = 44. அவருக்கு 7 + 8 + 6 + 20 = 41. குட்டு வெளிப்பட்டது! இதையும் ஏமாற்றக்கூடிய நான்கு எண்கள் உண்டு. தேடிப் பாருங்கள்.

உண்மையில் பயன்படும் கைரேகை முறைகள் இதைவிடப் பன்மடங்கு கடுமையாக எண்களைக் கலக்குகின்றன. எஸ்.எச்.ஏ-256 என்ற முறை, எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதை 256 பிட் நீளமுள்ள ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும். இந்த முறையில் இயலக்கூடிய கைரேகைகளின் எண்ணிக்கையைப் பதின்ம முறையில் எழுதினால் 78 இலக்கம் வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். இதற்கு முன் ரொனால்ட் ரிவெஸ்ட் உருவாக்கி 1992-இல் வெளியான எம்.டி.5 என்ற முறை பரவலாக வழங்கியது. ஒரே கைரேகை கொண்ட இரு வேறு கோப்புகளை உண்டாக்கிக் காட்ட முடியும் என்று 2004-இல் சீனப் பெண் அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர் மெய்ப்பித்தார்கள். தற்செயலாக நேரும் பழுதைக் கண்டறிய எம்.டி.5 இன்னும் உதவும். ஒருவர் வேண்டுமென்றே செய்யும் மோசடியைப் பிடிக்க உதவாது.

கோப்புறைக்கும் கைரேகை உண்டு. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களையும் கைரேகைகளையும் ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலுக்கே ஒரு கைரேகை எடுக்க வேண்டும். இரு கோப்புறைகளின் உச்சிக் கைரேகைகள் ஒத்துப்போனால் உள்ளே நுழையவே வேண்டாம். வேறுபட்டால், எந்த உட்கோப்புறையின் கைரேகை மாறியிருக்கிறதோ அந்தக் கிளையில் மட்டும் இறங்கினால் போதும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' இந்த வகையில்தான் ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கண்காணிக்கிறது.

கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு

சில வேளைகளில் நிரல் 'வேறு' என்று அடித்துச் சொல்லும். நமக்கோ எந்த வேறுபாடும் தெரியாது. விண்டோஸில் உருவான எழுத்துக் கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு பைட்டுகள் இருப்பது வழக்கம். லினக்ஸில் ஒன்றுதான். 100 வரிக் கட்டுரையில் இதனால் மட்டுமே 100 பைட் கூடிவிடும். தேதியும் குழப்பும். ஃபேட் என்ற பழைய முறையில் அமைந்த பென் டிரைவ், கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை 2 நொடிக்கு ஒருமுறை என்ற அளவில்தான் குறித்துவைக்கும். உங்கள் கணிப்பொறியில் 10 மணி 15 நிமிடம் 7 நொடி என்று இருப்பது அங்கே 6 அல்லது 8 நொடியாக மாறிவிடும். தேதியை மட்டும் நம்பும் நிரல், அதற்கெனத் தளர்வு தரப்படாவிட்டால், எல்லாக் கோப்பும் மாறிவிட்டதாக அலறும்.

நம் மொழிக்கே உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. கோப்புறைக்கு 'கொடைக்கானல்' என்று பெயர் வைக்கிறீர்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே எண்ணாக இடுவது ஒன்று. 'க'வுக்குப் பின் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனி எண்களாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒரே 'கொ'தான். எண்களை மட்டும் பார்க்கும் நிரலோ, 'இந்தக் கொடைக்கானல் இங்கே மட்டும், அந்தக் கொடைக்கானல் அங்கே மட்டும்' என்று சொல்லிவிடும். அதன் மேல் குற்றம் இல்லை!

எது சரி?

இனி என் பென் டிரைவுக்கு வருவோம். கோப்பைப் பென் டிரைவில் எழுதச் சொன்னால், கணிப்பொறி பல நேரங்களில் முதலில் அதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, "ஆயிற்று" என்று சொல்லிவிட்டுப் பிறகு மெதுவாக எழுதும். நான் திறந்து பார்த்த இரு படங்களும் நினைவகத்திலிருந்து வந்தவை. பென் டிரைவில் 212 பெயர்களும் அளவுகளும் எழுதப்பட்டுவிட்டன. கடைசி 37 படங்களின் உள்ளடக்கம் முழுதாகப் போய்ச் சேருமுன் நான் பிடுங்கிவிட்டேன். முறைப்படி 'வெளியேற்று' கொடுத்துக் கழற்றி, மறுபடி செருகி, அதன் பின் ஒப்பிட்டிருந்தால் கார்டை அழிக்கும் முன்பே தெரிந்திருக்கும். மறுபடி செருகுவது முக்கியம். இல்லாவிட்டால் ஒப்பிடும் நிரலும் நினைவகத்தில் இருப்பதைப் படித்துவிட்டு 'ஒன்றே' என்று சொல்லக்கூடும்.

நல்ல வேளையாக, அன்று திடலிலேயே ஒரு மாணவி தன் பென் டிரைவுக்கும் அதே கார்டிலிருந்து நகல் எடுத்திருந்தாள். அதில் இடம் தீர்ந்ததால் 190 படங்களோடு நின்றுவிட்டது. இரண்டையும் டிஃப் கொண்டு ஒப்பிட்டோம். 22 படங்கள் என்னிடம் மட்டும். 175 பற்றி மௌனம். 15 படங்கள் 'வேறுபடுகின்றன'.

வேறுபடுகின்றன என்றால், எது நல்லது, எது கெட்டது? அதை டிஃப் சொல்லாது. எந்த ஒப்பீட்டு நிரலும் சொல்ல முடியாது. மூன்றாவது நகல் ஒன்று இருந்தால் இரண்டுக்கு ஒன்று என்று ஊகிக்கலாம். படம் எடுத்த அன்றே கைரேகைப் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. எங்களிடம் இரண்டும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்த்தோம். 14 படங்களில் அவளுடையதே நல்லது. 190-ஆவது படம் இரண்டு பக்கமும் பழுது. அவளிடம் இடம் தீர்ந்தபோது பாதியில் அறுந்தது அது. தேதி புதியதாக உள்ள கோப்பைப் பழையதன் மேல் தானாகவே எழுதும் 'ஒத்திசைவு' நிரல் எதையாவது அன்று அவசரத்தில் ஓட்டியிருந்தால், என் பழுதான நகல் அவளுடைய நல்ல படங்களையும் அழித்திருக்கக்கூடும்.

வளையம் உருவாகும் 5 படங்கள் அந்த 14-இல் கிடைத்தன. அது கலையும் படங்கள் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21-இல். அதற்குள் நீங்கள் ஒரு பழகு சோதனை செய்து பார்க்கலாம். பத்துக் கோப்புகள் கொண்ட ஒரு கோப்புறையை நகல் எடுங்கள். நகலில் ஒன்றை அழியுங்கள். ஒன்றின் பெயரை மாற்றுங்கள். மற்றொன்றில் ஓர் எழுத்தை நீக்கி அதே இடத்தில் வேறோர் ஆங்கில எழுத்தை இடுங்கள். அளவு மாறக்கூடாது. இப்போது நண்பரிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பெயர் மாற்றிய கோப்பை அவருடைய நிரல் எப்படிக் காட்டுகிறது என்று கவனியுங்கள். டிஃப் அதை ஒரு கோப்பாகப் பார்க்காது. ஒன்று இங்கே மட்டும், ஒன்று அங்கே மட்டும் என இரண்டு வரியாகச் சொல்லும்.